நான் விட்ட வீடியோவே எனக்கு எதிரா வந்து நின்னுச்சு: ஒரு புளி மெஷினும் ரெண்டு பேட்டன்ட் அப்ளிகேஷனும்

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் பாலிடெக்னிக் கடைசி வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு, தான் செஞ்ச கருவிய போன்ல படம் புடிச்சு "அக்கா, நாளைக்கு இன்ஸ்டாகிராம்ல போடப்போறேன், பாத்துட்டு சொல்லுங்க"ன்னு அனுப்புனா. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, உடனே போன் பண்ணி போடாத, நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் அனுப்பாதன்னு கத்தியே சொல்லிட்டேன், பாவம் பயந்துட்டா. வெச்சதுக்கு அப்புறம்தான் தோணுச்சு, 2021-ல என்கிட்ட இப்படி கத்த ஒரு ஆள் இருந்திருந்தா எனக்கு மூணு வருஷமும் கையில இருந்த பணமும் மிஞ்சிருக்கும். அதனால நடந்தத நடந்தபடியே எழுதுறேன், நீளமாதான் இருக்கும், ஏதாவது கண்டுபிடிச்சு கையில வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஊரு தர்மபுரி பக்கம். மாசி பொறந்தா புளி சீசன். மூட்டை மூட்டையா வீட்டுல வந்து இறங்கும், ஓடு உடைச்சு, நார் உரிச்சு, கொட்டை எடுத்துக் குடுக்கணும், கிலோ கணக்குல கூலி. எங்க அம்மா முப்பது வருஷம் இந்த வேலை செஞ்சவங்க. கல்லு மேல புளிய வெச்சு சின்ன சுத்தியால தட்டி, கட்டைவிரலால கொட்டைய நெம்பி எடுப்பாங்க. சீசன் முடியுறப்போ ரெண்டு கட்டைவிரலும் நகக்கண்ணு வரைக்கும் கறுத்துப்போய் ஓரமெல்லாம் வெடிச்சிருக்கும், அந்த வெடிப்புல புளி இறங்குனா அப்படி எரியும், ராத்திரி சோறு பிசைய முடியாம ஸ்பூன் கேப்பாங்க. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஒரு பட்டறையில டிராயிங் போட்டுட்டு இருந்தேன், ஊருக்கே ஸ்பேர் பார்ட்ஸ் வரையிறேன், வீட்டுல அம்மா கையப் பாக்க முடியலன்னு உறுத்திட்டே இருந்துச்சு. 2019-ல ஆரம்பிச்சது, ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து, பழைய தையல் மெஷின் பெடல வெச்சு ஒன்னு செஞ்சேன். காலால மிதிச்சா மேல இருந்து மழுங்கலான ஒரு தகடு இறங்கும், கீழ புளி படுக்குற மாதிரி வளைஞ்ச பள்ளம், பள்ளத்துக்கு நடுவுல ஒரு கீறல், கொட்டை அது வழியா கீழ விழுந்துடும்.

முதல் ஏழெட்டு தடவ சரியா வரல, கொட்டையே நசுங்கி புளியோட ஒட்டிக்கிச்சு. நான் ஸ்பிரிங்க மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தேன். அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தவங்க, "முதுகுப் பக்கம் அழுத்துனா எப்படி வரும், வயிறு மேல பாக்க வை, புளி அங்கதான் வாய் தொறக்கும்"னாங்க. அவ்ளோதான். பள்ளத்தோட வளைவ திருப்பிப் போட்டேன், மறுநாளே கொட்டை முழுசா முழுசா விழுந்துச்சு. முப்பது வருஷம் அம்மா விரலுக்குள்ள இருந்த விஷயம் அது, எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கல. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2021 ஆகஸ்ட்ல ஒரு காலேஜ்ல கண்டுபிடிப்பாளர் கண்காட்சின்னு கூப்பிட்டாங்க. மெஷின மினி வேன்ல ஏத்திட்டு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். ரெண்டாவது பரிசு, 5,000 ரூபா. அம்மா மேடையில மிதிச்சுக் காமிச்சாங்க, எல்லாரும் கை தட்டுனாங்க, அன்னைக்கு நான் அழுதது சந்தோஷத்துல. ஒரு யூடியூப் சேனல் தம்பி வந்து "அக்கா உள்ள என்ன இருக்குன்னு கழட்டிக் காட்டுங்க, மக்களுக்கு யூஸ் ஆகும்"னான். நானும் ஒரு போல்ட் விடாம கழட்டி, ஸ்பிரிங் என்ன அளவு, பள்ளம் எவ்ளோ ஆழம்னு கேமரா முன்னாடி அளந்தே காட்டுனேன். பதினோரு நிமிஷ வீடியோ. மூணு லட்சம் பேர் பாத்தாங்க, போன் ஓயாம அடிச்சுச்சு, ஒரு மெஷின் 9,500-னு 22 ஆர்டர் வந்துச்சு, 14 பேர் அட்வான்ஸே போட்டாங்க. ரெண்டே மாசத்துல வேற மாவட்டத்துல ஒரு பட்டறை அதே மெஷின அச்சு அசலா 6,000 ரூபாக்கு வித்துச்சு. என் வீடியோல நான் சொன்ன அளவுதான், மில்லிமீட்டர் கூட மாறல. அட்வான்ஸ் குடுத்தவங்கள்ல ஒம்போது பேர் திரும்பக் கேட்டாங்க, குடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள அந்தப் பணத்துக்கு இரும்பு வாங்கிப் போட்டிருந்தேன், கைக்காசு போட்டுதான் குடுத்தேன்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன், ஏன்னா மொத்தக் கதையிலயும் பெரிய தப்பு இதுதான். இந்தியாவுல காப்புரிமை, அதாவது பேட்டன்ட், நாம கண்டுபிடிச்சத நம்மளக் கேக்காம வேற யாரும் செஞ்சு விக்கக் கூடாதுங்கிற உரிமை வேணும்னா, அப்ளிகேஷன் போடுற தேதிக்கு முன்னாடி அந்த விஷயம் பொதுவுல வெளிவந்திருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டாலும் வெளிவந்தது வெளிவந்ததுதான். வீடியோ, பேப்பர் செய்தி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பத்து பேருக்கு வித்தது, எல்லாம் கணக்கு. கண்காட்சில காட்டுனதுக்கு 12 மாசம் சலுகை இருக்குன்னு சில பேர் சொல்லுவாங்க, இருக்கு, பேட்டன்ட் சட்டம் 31-ஆவது பிரிவு, ஆனா மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சிக்கும், அறிஞர் சபையில படிச்ச கட்டுரைக்கும்தான் அது. நான் போனது சாதாரண காலேஜ் கண்காட்சி, அதுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் செஞ்சிருக்க வேண்டியது ரொம்ப சின்ன வேலை. ப்ரொவிஷனல் அப்ளிகேஷன்னு ஒன்னு இருக்கு, தற்காலிக விண்ணப்பம். தனி நபருக்கு ஆன்லைன்ல அரசு கட்டணம் 1,600 ரூபா, 30 பக்கத்துக்குள்ள இருந்தா அவ்ளோதான். மெஷின் முழுசா முடிஞ்சிருக்கணும்னு கூட இல்ல, என்ன செஞ்சீங்க, எப்படி வேலை செய்யுதுன்னு வரைபடத்தோட தெளிவா எழுதிப் போட்டா அந்தத் தேதி உங்களுக்கு ஆயிடும். அடுத்த நாள் நீங்க ஊரக் கூட்டி காட்டுங்க, அதுல எழுதுன விஷயத்துக்கு ஒன்னும் ஆகாது. மேடை ஏறுறதுக்கு முந்தின வாரம் 1,600 ரூபா கட்டியிருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.

காப்பி மெஷின் வந்ததும் எனக்கு கோவம், பதட்டம், தூக்கம் இல்ல. யாரோ சொல்லி ஒரு கன்சல்டன்ட் ஆபீசுக்குப் போனேன். ஏசி ரூம், சுவர் ஃபுல்லா சர்டிபிகேட். "உலக பேட்டன்ட் வாங்கித் தரோம் மேடம், காப்பி அடிச்சவன உள்ள தள்ளிடலாம்"னாரு. 65,000 ரூபா பேக்கேஜ். அம்மாவோட ரெண்டரைப் பவுன் செயின அடகு வெச்சு குடுத்தேன். 2021 நவம்பர்ல ஒரு பேப்பர் வந்துச்சு, மேல அசோகச் சின்னம், நம்பர், தேதி. அத பேட்டன்ட்னே நம்பி ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுனேன். சொந்தக்காரங்க வந்தா காட்டுவேன். அது வெறும் அப்ளிகேஷன் வாங்குனதுக்கான ரசீதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. காப்பி பட்டறைக்கு என்கிட்ட பேட்டன்ட் இருக்குன்னு நோட்டீஸ் அனுப்பலாம்னு கூட இருந்தேன், நல்லவேளை அனுப்பல, வாங்காத காப்புரிமைய இருக்குன்னு சொல்றதே தண்டனைக்குரிய விஷயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

2023 ஜனவரில, ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல அறிவுசார் சொத்துரிமை பிரிவ, அதாவது பேட்டன்ட் மாதிரி விஷயங்கள பாத்துக்கிற ஒரு பேராசிரியர் மேடத்த வேற வேலையா பாக்கப் போனேன். பேச்சு வாக்குல அந்த நம்பரக் குடுத்தேன். அவங்க இணையதளத்துல போட்டுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா, "இது ப்ரொவிஷனல்மா, 12 மாசத்துக்குள்ள முழு விவரத்தோட கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன் போடணும், போடல, நவம்பரோட இது போச்சு"ன்னாங்க. ஒருத்தரும் எனக்கு சொல்லல. கன்சல்டன்ட்ட கேட்டா "அது உங்க பொறுப்பு மேடம், கம்ப்ளீட்டுக்கு இன்னொரு 50,000 ஆகும்"னாரு. அதவிட ஒன்னு இருந்துச்சு. ஃபார்ம் 1, அதாவது விண்ணப்பப் படிவத்தோட நகல வாங்கிப் பாத்தா விண்ணப்பதாரர்னு என் பேருக்குக் கீழ அவரோட பேரும் இருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்ட பேப்பர்தான், படிக்காம போட்டது. எங்க அம்மா பேரு எங்கயுமே இல்ல. வீட்டுக்கு வந்து அந்த ஃப்ரேம கழட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன், ஒரு வாரம் யார்கிட்டயும் சரியா பேசல, அம்மாகிட்ட சொல்லவே ஒரு மாசம் ஆச்சு, செயின எப்படி சொல்றதுன்னுதான்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது: உலக பேட்டன்ட்னு எவராவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க, அப்படி ஒன்னு உலகத்துலயே இல்ல. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாதான் வாங்கணும். பிசிடின்னு ஒரு வழி இருக்கு, ஒரே விண்ணப்பத்துல பல நாட்டுக்கு இடம் பிடிச்சு வெச்சுக்கலாம், கடைசில அந்தந்த நாட்டு ஆபீஸ்தான் குடுக்கணும், அதுக்கு செலவும் பெருசு. அடுத்தது, உங்களுக்காக வேலை செய்றவர் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்டான்னு பாருங்க. அறிவியலோ இன்ஜினியரிங்கோ படிச்சு, பேட்டன்ட் ஆபீஸ் நடத்துற பரீட்சை எழுதிப் பாஸானவங்களுக்கு பதிவு எண் இருக்கும், பட்டியல் அரசு தளத்துலயே இருக்கு. எண் கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல. விண்ணப்ப எண் வந்ததும் நீங்களே படிக்கக் கத்துக்கோங்க, 12 இலக்கம், முதல் நாலு வருஷம், அஞ்சாவது எந்த ஆபீஸ், 4-னா சென்னை, அதாவது கிண்டி ஆபீஸ், தமிழ்நாட்டுக்காரங்களுக்கு அதுதான். மாசம் ஒரு தடவ அந்த எண்ணப் போட்டு நிலவரம் பாருங்க, காசு கிடையாது. ப்ரொவிஷனல் போட்ட அன்னைக்கே பத்தாவது மாசத்துக்கு போன்ல அலாரம் வெச்சிடுங்க. கையெழுத்துப் போடுற பேப்பர்ல விண்ணப்பதாரர், கண்டுபிடிச்சவர்னு ரெண்டு இடத்துலயும் யார் பேரு இருக்குன்னு விரல் வெச்சுப் படிங்க. இங்கிலீஷ் புரியலன்னா புரியுறவங்ககிட்ட குடுத்துட்டு வந்து மறுநாள் போடுங்க, ஒரு நாள்ல ஒன்னும் கொறஞ்சு போகாது.

அந்தப் பேராசிரியர்தான் எனக்கு ஒரு பதிவு பெற்ற ஏஜென்ட் அம்மாவக் கைகாட்டுனாங்க. அவங்க ஃபீஸ் 40,000, மூணு தவணையா வாங்கிக்கிட்டாங்க. 2023 மார்ச்ல புதுசா, நேரடியா முழு விண்ணப்பமே போட்டோம். அப்போதான் அரசு கட்டணம்னா எவ்ளோன்னு கண்ணால பாத்தேன்: விண்ணப்பம் 1,600, சீக்கிரம் வெளியிடச் சொல்லி ஃபார்ம் 9-க்கு 2,500, துரிதப் பரிசோதனைக்கு, அதாவது பேட்டன்ட் குடுக்கலாமான்னு ஆபீஸ் சீக்கிரமா பாக்குறதுக்கு, ஃபார்ம் 18ஏ 8,000. மொத்தம் 12,100. 65,000 குடுத்த இடத்துல உண்மையா கட்டுனது வெறும் 1,600-ன்னு அப்போதான் உறைச்சுச்சு. பொம்பளைங்க கவனிங்க, விண்ணப்பதாரர் தனி நபரா இருந்து பெண்ணா இருந்தா, இல்ல கூட்டா போடுற தனி நபர்கள்ல ஒருத்தராவது பெண்ணா இருந்தா, துரிதப் பரிசோதனை கேக்கலாம், 2019-ல வந்த விதி இது, சாதாரண வரிசையில நிக்க வேண்டாம். ஸ்டார்ட்அப்புக்கும் உண்டு.

செப்டம்பர்ல முதல் பரிசோதனை அறிக்கை வந்துச்சு, எஃப்.இ.ஆர்-னு சொல்லுவாங்க. ஏஜென்ட் அம்மா "இத தனியா படிக்காதீங்க, நேர்ல வாங்க"ன்னாங்க. போனேன். எதிர் ஆவணம் ஒன்னுன்னு போட்டு ஒரு இணைப்பு, அந்தப் பதினோரு நிமிஷ வீடியோ. என் குரல், என் கை, அம்மாவோட கால் பெடல் மேல. ஆறாவது நிமிஷத்துல நான் பள்ளத்தோட ஆழத்தச் சொல்றேன், அந்த நிமிஷம் வரைக்கும் குறிச்சு, இந்தக் கண்டுபிடிப்பு விண்ணப்பத் தேதிக்கு முன்னாடியே பொதுவுல இருக்கு, புதுமை இல்லன்னு எழுதியிருந்தாங்க. கண்டுபிடிச்சது நான்தானே, வீடியோல நானே சொல்றேனேன்னு கேட்டேன், தொண்டை அடைச்சிருச்சு. யாரு சொன்னாங்கங்கிறது கேள்வி இல்ல, எப்போ வெளிய வந்துச்சுங்கிறதுதான் கேள்வின்னாங்க.

இது என்ன நியாயம்னு நான் கோவப்பட்டப்போ அந்தம்மா சொன்ன ஒரு விஷயம்தான் என்ன மாத்துச்சு. 1995-ல அமெரிக்காவுல மஞ்சளுக்குப் புண்ணு ஆத்துற குணம் இருக்குன்னு பேட்டன்ட் குடுத்துட்டாங்க. நம்ம பாட்டி வெச்ச மஞ்சப்பத்து. நம்ம மத்திய அரசோட ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர் போய் எதிர்த்துச்சு, பழைய சமஸ்கிருத நூலும் 1953-ல இந்திய மருத்துவச் சங்க இதழ்ல வந்த ஒரு கட்டுரையும் காட்டி, இது ஏற்கனவே வெளிய இருந்த அறிவுன்னு நிரூபிச்சு, 1997-ல அந்த பேட்டன்ட் ரத்தாச்சு. "உங்க மெஷின விழ வெச்ச அதே விதிதான்மா மஞ்சளக் காப்பாத்துச்சு"ன்னாங்க. கேட்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. மஞ்சள் எழுத்துல இருந்துச்சு, அதனால ஜெயிச்சோம். எழுத்துல இல்லாம எத்தனை போயிருக்கும்? அதுக்கப்புறம்தான் 2001-ல பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகம்னு ஆரம்பிச்சு, ஆயுர்வேதம், சித்தா, யுனானி குறிப்புகள எல்லாம் வெளிநாட்டு பேட்டன்ட் ஆபீஸ்கள் புரிஞ்சுக்கிற மொழியில எழுதி வெச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன். ஒரு நாட்டோட அறிவுச் செல்வம்னா நாம பெரிய லேப், வெள்ளைக் கோட்டுன்னு நினைக்கிறோம். எங்க அம்மாவோட கட்டைவிரலுக்குத் தெரிஞ்ச "வயித்துப் பக்கம் வாய் தொறக்கும்"கிறதும் அந்தச் செல்வம்தான், ஆனா அது யாரோட கணக்குலயும் இல்ல. நம்ம நாடு ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.64 சதவீதம், இது 2020-21 கணக்கு. ஒரு சதவீதம் கூட இல்ல. அதனால பட்டறையிலயும் வயல்லயும் அடுப்படியிலயும் சொந்தக் காசு போட்டு யாராவது ஒன்ன கண்டுபிடிச்சா அத விடவே கூடாதுன்னு நான் மனசார நம்புறேன். 1959-ல நீதிபதி ராஜகோபால அய்யங்கார் குடுத்த அறிக்கையில இந்தியாவுல இருந்த பேட்டன்ட்ல பெரும்பகுதி வெளிநாட்டுக்காரங்க கையிலதான் இருந்துச்சுன்னு எழுதுனாரு, அந்த அறிக்கைய அடிப்படையா வெச்சுதான் 1970 சட்டமே வந்துச்சு. 2023-24-ல 92,000-க்கு மேல விண்ணப்பம், பாதிக்கு மேல உள்நாட்டுக்காரங்களோடது. இது சந்தோஷமான மாற்றம். ஆனா அதுல புளி தட்டுறவங்க, கயிறு திரிக்கிறவங்க, செங்கல் அறுக்குறவங்க பேரு எத்தனை இருக்குன்னு நினைச்சா மனசு கனக்குது.

சரி, என் கேஸ் என்னாச்சுன்னா, முழுசா போகல. 2022 சீசன்ல அம்மா ஒரு குறை சொல்லியிருந்தாங்க, புளி பிசுபிசுன்னு தகட்டுல ஒட்டிக்கிட்டு பத்து தடவைக்கு ஒரு தடவ கையால வழிக்க வேண்டியிருக்குன்னு. அதுக்காக தகடு திரும்ப மேல போறப்போ தானா வழிச்சு விடுற ஒரு பட்டைய வெச்சேன், அந்தப் பட்டை மேல போற வேகத்துலயே ஸ்பிரிங் இறுக்கமும் கொட்டை பருமனுக்கு ஏத்த மாதிரி தளரும். ஆர்டர் எல்லாம் நின்னு போயிருந்ததால அத யாருக்கும் விக்கல, வீடியோ எடுக்கல, வீட்டுத் திண்ணைக்குப் பின்னாடி அம்மா மட்டும் ஓட்டுனாங்க. அந்த ஒன்னுதான் வீடியோல இல்லாதது. நாங்க கேட்ட உரிமையச் சுருக்கி அது மேல மட்டும் நின்னோம். பதிலுக்கு ஆறு மாசம் டைம், ஆனா நாங்க ரெண்டு மாசத்துல குடுத்துட்டோம். இன்னொரு ஆட்சேபணை பேட்டன்ட் சட்டத்தோட 3(எஃப்), தெரிஞ்ச பொருட்கள பக்கத்துல பக்கத்துல அடுக்கி வெச்சா அது கண்டுபிடிப்பு ஆகாதுங்கிற பிரிவு. பட்டையும் ஸ்பிரிங்கும் தனித்தனியா இல்ல, ஒன்னு அசைஞ்சாதான் இன்னொன்னு வேலை செய்யும்னு காட்டணும். அதுக்கு என்னோட நோட்டு உதவுச்சு, பட்டை இல்லாம ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ, பட்டையோட எத்தனை, எத்தனை கொட்டை நசுங்குச்சுன்னு தேதி போட்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதி வெச்சிருந்தேன். வீடியோ கால்லதான் விசாரணை, பரிசோதகர் பொறுமையா கேட்டாரு, மரியாதையா பேசுனாரு. 2024 ஜூன்ல கிடைச்சிருச்சு.

நோட்டுன்னதும் ஞாபகம் வருது, தயவு செஞ்சு ஒரு கட்டு நோட்டு வாங்கி, முதல் நாள்ல இருந்து தேதி போட்டு எழுதுங்க, தோத்ததும் எழுதுங்க. லேத்துக்காரருக்கு டிராயிங் குடுக்குறதுக்கு முன்னாடி ரகசியம் காக்குறேன்னு ஒரு பக்கத்துல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, அண்ணன் தம்பியா பழகுறவரா இருந்தாலும். மெஷின் செய்ய ஆரம்பிக்கும்போதே இதே மாதிரி வேற யாராவது செஞ்சிருக்காங்களான்னு தேடுங்க, கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட், நம்ம அரசோட இன்பாஸ், எல்லாம் பேட்டன்ட் தேடுற தளங்கள், இலவசம். நான் ரெண்டு வருஷம் கழிச்சுத் தேடுனப்போ புளிக் கொட்டை எடுக்குற மெஷினே ஏற்கனவே சிலது இருக்குன்னு தெரிஞ்சுச்சு, முன்னாடியே படிச்சிருந்தா அஞ்சு மாச வேலை மிச்சம். விவசாய முறைக்கு பேட்டன்ட் கிடையாது, கம்ப்யூட்டர் புரோகிராம் வெறுமனே இருந்தா கிடையாது, பாரம்பரிய அறிவ அப்படியே எழுதுனா கிடையாது, இதெல்லாம் மூணாவது பிரிவுல இருக்கு, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஒரு பிரிவ மட்டுமாவது படிங்க. கருவியோட தோற்றம்தான் புதுசுன்னா டிசைன் பதிவு போதும், தனி நபருக்கு 1,000 ரூபா, பத்து வருஷம், இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். அதுக்கும் முன்னாடி வெளியிடக் கூடாதுங்கிறது உண்டு.

காசே இல்லன்னாலும் வழி இருக்கு, இது எனக்கு யாருமே சொல்லல. குஜராத்ல இருக்கிற தேசிய கண்டுபிடிப்பு அறக்கட்டளை, என்.ஐ.எஃப், 2000-ல ஆரம்பிச்சது, படிப்பு பட்டம் இல்லாத சாதாரண ஜனங்களோட கண்டுபிடிப்புக்காகவே இருக்கு, தேர்வானா அவங்களே பேட்டன்ட் விண்ணப்பம் போட உதவுறாங்க. நம்ம கோயம்புத்தூர் முருகானந்தம் அண்ணனோட நாப்கின் மெஷின் வெளிய தெரிய வந்ததும் அவங்க குடுத்த விருதாலதான், 2016-ல பத்மஸ்ரீ வாங்குனாரு. மதுரையில சேவான்னு ஒரு அமைப்பு ரொம்ப வருஷமா விவசாயிகளோட கண்டுபிடிப்புகள தமிழ்ல பதிவு பண்ணிட்டு வர்றாங்க. பதிவு பெற்ற ஸ்டார்ட்அப்பா இருந்தா ஏஜென்ட் ஃபீஸ மத்திய அரசே குடுக்குற திட்டம் ஒன்னு 2016-ல கொண்டு வந்தாங்க, இப்பவும் நடக்குதான்னு விசாரிங்க. பக்கத்துல இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ்ல அறிவுசார் சொத்துரிமை பிரிவு இருக்கான்னு கேளுங்க, எனக்கு உயிர் குடுத்தது அந்த ஒரு ரூம்தான்.

கணக்கு: கன்சல்டன்ட் 65,000, ஏஜென்ட் 40,000, அரசு 12,100, இரும்புலயும் அட்வான்ஸுலயும் போன நஷ்டம் கிட்டத்தட்ட 48,000, செயினுக்குக் கட்டுன வட்டி தனி. 2021 ஆகஸ்ட்ல இருந்து 2024 ஜூன் வரைக்கும். பேட்டன்ட் கிடைச்சதும் பணம் கொட்டும்னு நினைக்காதீங்க. மூணாவது வருஷத்துல இருந்து புதுப்பிக்கக் கட்டணும், முதல்ல வருஷத்துக்கு 800, போகப் போகக் கூடும், கட்ட மறந்தா உரிமை போயிடும். எவராவது காப்பி அடிச்சா கோர்ட்டுக்குப் போறது நம்ம செலவு. அந்தப் பட்டறை இன்னும் என் பழைய மெஷின விக்குது, சட்டப்படி அவங்க மேல தப்பே இல்ல, அது இப்ப எல்லாருக்கும் சொந்தம். முதல்ல வயிறு எரிஞ்சுச்சு. அப்புறம் ஒரு தடவ அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ ஒரு திண்ணையில ஆறு பொம்பளைங்க அத மிதிச்சுட்டு இருந்தாங்க, யாரு விரலும் கறுத்து வெடிக்கல. நின்னு பாத்துட்டே இருந்தேன், ஒன்னும் சொல்லத் தோணல. ஆனா பணம் திரும்பி வந்திருந்தா பட்டை வெச்ச மெஷின் ரெண்டு வருஷம் முன்னாடியே அவங்ககிட்ட போயிருக்கும், கையால வழிக்கிற வேலையும் இருந்திருக்காது. கண்டுபிடிச்சவ கையில காசு நின்னாதான் அடுத்தது வரும். இப்ப மாசத்துக்கு நாலு மெஷின் செய்றேன், செயின போன தையில மீட்டேன்.

ரெண்டாவது விண்ணப்பத்துல ஏஜென்ட் அம்மா ஃபார்ம் நிரப்புறப்போ கண்டுபிடிச்சவர் யாருன்னு கேட்டாங்க, நான் என் பேரச் சொன்னேன். "அந்த வளைவ யாரு சொன்னா, ஒட்டுதுன்னு யாரு சொன்னா, எப்படி வழிக்கணும்னு யாரு காட்டுனா"ன்னு ஒவ்வொன்னா கேட்டாங்க. அம்மா பேரையும் சேத்தோம், அம்மா வந்து கையெழுத்துப் போட்டாங்க. 2024-ல வந்த புது விதியில கண்டுபிடிச்சவங்களுக்குன்னு தனியா ஒரு சான்றிதழ் கேட்டு வாங்கலாம், ஃபார்ம் 8ஏ. அதையும் போட்டோம். வந்த அன்னைக்கு அம்மா ஓடு உடைச்சுட்டு இருந்தாங்க, கைய முந்தானையில தொடச்சுட்டு வாங்குனாங்க. இங்கிலீஷ்ல இருந்ததால படிக்கத் தெரியல. "இதுல நான் எங்க இருக்கேன்"ன்னாங்க. நான் காட்டுன இடத்துல விரல வெச்சு, இனிஷியல்ல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் மெதுவா இழுத்துப் பாத்தாங்க, புளி பட்டு அந்த எடத்துல லேசா ஒரு கறை புடிச்சிருச்சு. அப்படியே ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்.